அஞ்சு நாப்பது நாற்காலி

நோய்க்கு ஊரை அடைத்து பஸ்கள் நின்ற பதினோராவது நாள், காலை ஐந்து நாற்பதுக்கு, முதல் பஸ் டிரைவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டை விட்டு வெளியே போனார். அவர் நடக்கவில்லை. யாரும் தூக்கிக்கொண்டும் போகவில்லை. நாற்காலி தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்து, வாசலைத் தாண்டி, இடப்பக்கம் திரும்பி, பெரிய தெருவில் ஏறி, பஸ் போகிற வேகத்தில் போனது. கை வைக்காத மர நாற்காலி, நாலு பேர் வீட்டில் இருக்கிற மாதிரிதான். கையில் இருந்த டீ கிளாஸைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடிப்பது போலக் காற்றில் வைத்துக்கொண்டார். அப்படி வைத்துக்கொள்ளாவிட்டால் வளைவுகளில் பயமாக இருந்ததாம். வழியில் பதினான்கு நிறுத்தங்கள். சின்ன நிறுத்தத்தில் இருபது விநாடி, பெரிய நிறுத்தத்தில் நாற்பது விநாடி நின்றது. யாரும் ஏறவில்லை, ஏற ஆளும் இல்லை. கடைசி நிறுத்தத்தில் வட்டமடித்து, நிறுத்தமில்லாத சுற்றுவழியாகத் திரும்பி, எட்டேகாலுக்கு அவரைச் சமையலறையிலேயே கொண்டுவந்து விட்டது. டீ ஆறிப் போயிருந்தது. மறுநாளும் அப்படியே நடந்தது, அதற்கு மறுநாளும்.

ஊரில் அவருக்கு அஞ்சு நாப்பது என்றுதான் பெயர். இருபத்தாறு வருஷம் அந்த நேரத்துக்கு வண்டி எடுத்தவர். ஒரு நிமிஷம் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. இரண்டாம் நாள் பாலத்தருகே காவலுக்கு நின்ற போலீஸ்காரர் நாற்காலியை மறித்துப் பார்த்தார். பாலத்தில் நிறுத்தம் கிடையாது, ஆகையால் நாற்காலி நிற்கவில்லை. போலீஸ்காரர் பக்கத்தில் ஓடிக்கொண்டே விசாரித்தார்.

"எங்கய்யா போற?"

"டூட்டி சார்."

"பஸ் எங்க?"

"டிப்போவுல நிக்குது சார்."

படிவத்தில் வண்டி எண் எழுத ஒரு கட்டம் இருந்தது. நாற்காலிக்கு எண் இல்லை. போலீஸ்காரர் மூச்சிரைக்க நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் மறிக்கவில்லை.

அந்த மாதங்களைப் பற்றிப் படித்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். பாதிக்கு மேல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எழுதியது. ஊரில் நடந்தது இதுதான். சலூன் மூடிய முப்பதாம் நாளிலிருந்து எல்லார் தலைமுடியும் சலூன்காரர் வீடு இருக்கும் திசையைப் பார்த்துச் சாய்ந்து வளர்ந்தது. வடக்குத் தெருவில் எல்லாருக்கும் வலப்பக்கம், தெற்குத் தெருவில் எல்லாருக்கும் இடப்பக்கம். சீப்புக்கும் எண்ணெய்க்கும் மசியவில்லை. போன் திரையிலேயே பாடம் நடத்திய கணக்கு வாத்தியாருக்கு மார்புக்குக் கீழே உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. "இருக்கிற பாதியாவது ஒரு வேலை செய்யுதா பாருங்க" என்று அவர் மனைவி தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர் வீட்டுக் கடிகாரத்தில் சாயங்காலம் ஆறு மணி வரவே இல்லை. ஐந்து ஐம்பத்தொன்பது முடிந்ததும் முள் நேரே காலை ஒன்பதுக்குப் போய் நின்றது. இடுகாட்டில் குழி வெட்டுகிறவருக்கு மட்டும் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. அவருக்கு அதற்கு நேரமில்லை.

டிரைவரின் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. பஸ் நின்ற மூன்றாம் நாள், சலவைக்கூடத்துப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று உத்தரவு வந்தது. பக்கத்து விடுதியில் ஆறு பேருக்கு ஒரு அறை என்று தங்க வைத்தார்கள். பதினான்கு நாள் வேலை, பிறகு மாற்று ஆள் என்றார்கள். பதினான்கு நாள் முடிந்தது, மாற்று ஆள் வரவில்லை. உத்தரவு போடுகிறவர்களுக்கு எண்ணத் தெரியாது என்பதில்லை, எண்ண வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. தினம் சாயங்காலம் விடுதியிலிருந்து போன் வரும். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், ம் என்பார். மாத்திரை போட்டீங்களா என்பாள், ம் என்பார். வைக்கட்டுமா என்பாள், அதற்கும் ம். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஆளோடு பேசுவதற்கு அவருக்கு வாய் வராது. இருபத்தாறு வருஷமும் அந்த அம்மாள் வேலைக்குப் போனது அவருடைய பஸ்ஸில்தான். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்கப் பேசிக்கொண்டு வருவாள், அவர் மேலே கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். அவர்கள் குடும்பம் நடத்தியதில் பெரும்பகுதி அந்த நாற்பத்திரண்டு நிமிஷத்தில்தான். வீட்டில் இரண்டு பேரும் தூங்குவார்கள்.

இப்போது நாற்காலி ஆறு இருபத்திரண்டுக்கு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நின்று, நாற்பது விநாடியில் கிளம்பிவிடும். அந்த அம்மாளுக்கு இரவு வார்டு துணி மூட்டை சரியாக ஆறு இருபதுக்கு வரும். அதை மருந்துத் தண்ணீரில் முக்காமல் அசையக் கூடாது. பிறகு வெளியே வர வேண்டுமென்றால் மேலங்கி, இரண்டு அடுக்குக் கையுறை, காலுறை, முகக் கவசம் என்று சுவரில் ஒட்டிய வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கழற்றி, நடுநடுவே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எவ்வளவு விரைந்தாலும் நான்கு நிமிஷம். அவள் வாசலுக்கு ஓடி வரும்போது ஆறு இருபத்தைந்து ஆகிவிடும். தூரத்தில் திருப்பத்தில் ஒரு முதுகு தெரியும், ஒரு பக்கமாய்ச் சாய்ந்த தலைமுடி தெரியும், அவ்வளவுதான். வாசல் காவலாளி, "அக்கா, இப்பத்தான் போனாரு" என்பார். அவள், "தெரியும், தெரியும்" என்று உள்ளே போய் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொள்வாள்.

டிரைவருக்கு அவள் ஓடி வருவது ஒரு மாதம் தெரியாது. அவர் ஆஸ்பத்திரி மொட்டை மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப் பெண்கள் காயப்போடும் விரிப்புகளில் மூலைக்கு ஒரு கிளிப் இருக்கும். அந்த அம்மாள் மட்டும் மூலையை உள்பக்கம் ஒருமுறை மடித்து, பக்கத்து விரிப்பின் மூலையையும் சேர்த்து, ஒரே கிளிப்பில் இரண்டையும் கடிக்க வைப்பாள். காற்றுக்கு அவிழாது, கிளிப்பும் மிச்சம். வீட்டுக் கொடியிலும் அப்படித்தான். மடித்த மூலைகளை எண்ணுவதற்கு அவருக்கு நாற்பது விநாடி சரியாக இருந்தது. பதினெட்டு, இருபத்திரண்டு, பதினாறு. எண்ணிக்கை எதுவானாலும் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். ஆனால் விரிப்பு பேசுமா? ஒருநாள் திருப்பத்தில் ஏதோ தோன்றித் தலையைத் திருப்பியவர், ஆஸ்பத்திரி வாசலில் அவள் ஈரக் கையோடு நின்றதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு நாற்காலியை நிறுத்த அவர் செய்யாத வேலை இல்லை. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் காற்றை மிதித்தார், கம்பத்தைப் பிடித்துப் பார்த்தார், உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம். இறங்கவும் முடியவில்லை. டிரிப் முடியாமல் இறங்கிப் பழக்கமில்லாத கால் அது.

பக்கத்து வீட்டுச் சலூன்காரர் வேலியோரம் நின்று விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, உங்க பஸ்ஸை நிறுத்துறது நீங்களா? கண்டக்டர் இல்ல? ஒரு விசில் குடுத்தா நிக்கும், ரெண்டு குடுத்தாத்தானே கிளம்பும்?"

டிரைவர் உள்ளே போய்விட்டார். காரணம் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில், ஒரு கிழவியின் மூட்டையை இறக்கிக் கொடுக்கக் கண்டக்டர் கீழே இறங்கினார். வண்டி ஒன்றரை நிமிஷம் தாமதம். டிரைவர் விசிலுக்குக் காத்திராமல் எடுத்துவிட்டார். கண்டக்டர் பையைப் பிடித்துக்கொண்டு அரை மைல் ஓடி வந்து ஏறினார். அன்றிலிருந்து ஒரே பஸ்ஸில் ஏழு வருஷம், இரண்டு பேருக்கும் நடுவில் விசில் சத்தம் மட்டும்தான். வணக்கம் இல்லை, வார்த்தை இல்லை. டிப்போவில் டீ குடித்தால்கூட ஆளுக்கொரு கடை.

கண்டக்டர் வீட்டு முனை இரண்டாவது நிறுத்தம். இருபது விநாடி. அங்கே நாற்காலி தினமும் நின்றது, அவரும் தினமும் ஜன்னலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேலை நின்றதிலிருந்து அவர் விரல்கள் சும்மா இருக்கவில்லை. கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் டிக்கெட் அளவுக்குக் கிழித்துத் தள்ளின. நாள்காட்டி போயிற்று, பிள்ளைகளின் நோட்டுகள் போயின, கல்யாணப் பத்திரிகைகள் போயின. வீட்டுப் பத்திரத்தை மனைவி அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

டிரைவர் மன்னிப்பைத் தவணை முறையில் கேட்க வேண்டியதாயிற்று. முதல் நாள் தொண்டையைச் செருமியதிலேயே எட்டு விநாடி போனது. "கண்டக்டரே" என்றார், நாற்காலி கிளம்பிவிட்டது. இரண்டாம் நாள், "அன்னிக்கு நீ ஏறிட்டேன்னு நெனச்சேன்" என்றார். மூன்றாம் நாள் ஜன்னலிலிருந்து, ஏழு வருஷத்தில் முதல்முறையாக, குரல் வந்தது.

"நெனச்சியா? ரெண்டு விசில் கேட்டுச்சா உனக்கு?"

நான்காம் நாள் டிரைவர் சொன்னார்: "கேக்கல."

ஐந்தாம் நாள் கண்டக்டர்: "அரை மைல் ஓடினேன்யா. பஸ்ல இருந்த அத்தனை பேரும் பின்கண்ணாடியில பாத்துச் சிரிச்சாங்க."

ஆறாம் நாள் டிரைவர் இருபது விநாடியில் பத்தொன்பது விநாடி யோசித்துவிட்டு, "நானும் சிரிச்சேன்" என்றார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சாத்திய ஜன்னல் மூன்று நாள் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் மூடிய ஜன்னலைப் பார்த்தே பேசினார்.

"அவ வாசலுக்கு வர்றாய்யா. தினம் வர்றா. நான் போன பிறகு வர்றா. நீ அன்னிக்கு ஓடி வந்த மாதிரியே ஓடி வர்றா."

பத்தாம் நாள் காலையில் கண்டக்டர் சீருடை போட்டு, கழுத்தில் விசிலோடு, கையில் ஒரு முக்காலியோடு தெருவில் நின்றார். "போயிட்டு வாங்க, வீட்டுப் பத்திரமாவது மிஞ்சும்" என்று உள்ளிருந்து மனைவி சொன்னாள். முக்காலியை ஆறடி கயிற்றில் நாற்காலியோடு கட்டி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, முகக் கவசத்தை விலக்காமல் அதற்குள்ளிருந்தே இரண்டு விசில் கொடுத்தார். சத்தம் அமுங்கித்தான் வந்தது. நாற்காலிக்கு அது போதுமாக இருந்தது.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு விசில். நாற்பது விநாடி ஆயிற்று, நாற்காலி நின்றது. ஒரு நிமிஷம் ஆயிற்று, நின்றது. ஆறு இருபத்தைந்துக்கு அந்த அம்மாள் ஓடி வந்தாள். வழக்கம்போல் திருப்பத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லாததால் பக்கத்தில் பார்த்தாள். வாசலில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். "அக்கா, கோட்டைத் தாண்டாதீங்க" என்றார் காவலாளி. கைகள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன. அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"என்னங்க, தலை ஏன் ஒரு பக்கமாப் போகுது?"

"ஊருக்கே அப்படித்தான்."

"மாத்திரை?"

"போட்டேன்."

"பொய்."

"ரெண்டு நாள் விட்டுப்போச்சு. கையக் காட்டு."

"கைக்கென்ன, கை இருக்கு. நீங்க எதுக்கு நாற்காலிய எடுத்துக்கிட்டு ஊர் சுத்துறீங்க?"

"நான் எங்க எடுத்தேன்? அது எடுத்துட்டு வந்துச்சு." மாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, "எப்ப வருவ?" என்றார்.

"மாத்த ஆள் வந்தா."

"ஆள் எப்ப வரும்?"

"அது தெரிஞ்சா நான் மூட்டை கட்டியிருக்க மாட்டேனா?"

பிறகு ஆறடிக்கு அப்பாலும் இப்பாலுமாகப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கண்ணாடி இல்லாமல் நேருக்கு நேர் இவ்வளவு நேரம் அவர்கள் பார்த்துக்கொண்டது அதுவரை இல்லை. அவள் கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பதை டிரைவர் அன்றுதான் கவனித்தார். கண்டக்டர் வேறு பக்கம் திரும்பி மரத்தில் இலை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "அம்மா, வண்டி எடுக்கணும், டிப்போவுக்கு நான் பதில் சொல்லணும்" என்றார். டிப்போவில் அப்போது ஒரு நாய்தான் இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு நிமிஷம் கழித்தே விசில் கொடுத்தார்.

இப்படி ஐந்து வாரம் ஓடியது. மாற்று ஆள் வரவில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நாற்காலி ஐந்தாறு நிமிஷம் பிந்தி வந்ததைப் பார்த்து ஊர்க்காரர்கள் கடிகாரங்களைத் திருத்தி வைத்துக்கொண்டார்கள். அஞ்சு நாப்பது தப்பாக வராது என்ற நம்பிக்கை. டிரைவர் வழி முழுக்க, இன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவார். குழாய் ஒழுகுவது, கம்ப்யூட்டர்காரர் வீட்டுச் சண்டை, அவளுடைய கனகாம்பரச் செடி இரண்டு மொட்டு விட்டது. வாசலுக்கு வந்ததும் பாதி மறந்துபோகும். மிச்சத்தை அவள் பேசுவாள். வீட்டுக்கு வந்ததும் மறந்தது எல்லாம் நினைவுக்கு வரும், அடுத்த நாள் வரை அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? சுவரிடம் சொன்னார். சலூன்காரர் கேட்டிருக்கிறார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, மாடியில் விரிப்புகள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் மூலைக்கு ஒரு கிளிப். டிரைவர் மறுபடி எண்ணினார். மடித்த மூலை ஒன்றுகூட இல்லை. ஆறு இருபத்தைந்து ஆயிற்று, ஆறரை ஆயிற்று. காவலாளி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்:

"அக்கா உள்ளதான் இருக்காங்க. வேலைக்கு இல்ல. படுக்கையில."

"எந்த மாடி?"

"மூணாவது. கேட்டா நல்லா இருக்காங்கன்னுதான் சொல்லுவாங்க. எல்லாரையும் அப்படித்தான் சொல்றாங்க."

கண்டக்டர் விசிலைத் துடைத்தார். நாற்காலி கிளம்பத் துடிப்பது கயிற்றில் தெரிந்தது. டிரைவர் திரும்பிப் பார்க்காமல், "நேரமாச்சு, வேணும்னா குடு" என்றார்.

"பாசஞ்சரை விட்டுட்டுப் போறது உன் வழக்கம்யா" என்றார் கண்டக்டர். "என் வழக்கமில்ல." விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

அங்கே இருபத்து மூன்று நாள் நின்றார்கள். வெயில் அடித்தது, மூன்று நாள் மழையும் பெய்தது. இரண்டு பேர் மேலும் ஒரே மழை, ஒரே குடை. பேச ஏழு வருஷத்துப் பாக்கி இருந்ததால் பொழுது போயிற்று. சலூன்காரர் தினம் சாப்பாட்டை நீளமான ஒட்டடைக் கம்பின் நுனியில் மாட்டி நீட்டுவார். பிறகு திரும்பிப் போக மனமில்லாமல் அவரும் எதிர்த் திண்டில் உட்கார்ந்துவிட்டார். அதனால் ஊரில் எல்லார் தலைமுடியும் மெல்லத் திசை மாறி, ஆஸ்பத்திரியைப் பார்த்துச் சாய்ந்தது. அந்த அம்மாளைத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், தொட்டில் குழந்தைகள், போலீஸ்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பக்கம். மூன்றாவது மாடி ஜன்னலில் யாராவது வந்து நின்றிருந்தால் அது தெரிந்திருக்கும். யாரும் வந்து நிற்கவில்லை. தினம் சாயங்காலம் டிரைவர் போனை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அது அடிக்காது. அடிக்காத போனை வைத்துக்கொண்டு, "குழாயைச் சரி பண்ணிட்டேன். சாப்டியா? மாத்திரை போட்டியா?" என்று பேசத் தொடங்கியது பதினாறாம் நாள். அதுவரை போனில் அவர் அவ்வளவு பேசியதில்லை. பேப்பரில் ஆஸ்பத்திரியில் படுக்கை ஏராளமாகக் காலியாக இருப்பதாகப் போட்டிருந்தார்கள். குழி வெட்டுகிறவர் பேப்பர் படிப்பதில்லை.

இருபத்து நான்காம் நாள் பதினோரு மணிக்கு, காவலாளி ஒரு கையைப் பிடிக்க, அந்த அம்மாள் வெளியே வந்தாள். இளைத்துப் பாதி ஆளாகத்தான் வந்தாள். நாலு அடிக்கு ஒருமுறை நின்றாள். கோட்டுக்கு அருகில் வந்ததும் காவலாளி வேறு பக்கம் பார்த்தார். கண்டக்டர் எழுந்து முக்காலியைத் தன் துண்டால் துடைத்து, அதை நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டி, உட்காரச் சொன்னார். தான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, படியில் தொங்குவது போலத் தொங்கினார்.

"இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்றாள் அவள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"விசில் குடுக்கல" என்றார் டிரைவர்.

இரண்டு விசில் கேட்டது. அவள் இருமியபோதெல்லாம் நாற்காலி நின்று நின்று போனது. கடைசி நிறுத்தத்தை அடைந்தபோது இருபத்து மூன்று நாளும் ஐந்து மணி நேரமும் தாமதம். அந்த வழித்தடத்தில் அதைவிடப் பெரிய தாமதம் இதுவரை பதிவாகவில்லை.

பஸ்கள் மறுபடி ஓட உத்தரவு வந்ததும் எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். திரும்ப முடிந்தவர்கள். சலூன்காரர் முதல் வாரத்தில் இருநூறு தலை வெட்டிக் கை வீங்கினார். கணக்கு வாத்தியாருக்கு ஒரு பாதம் தவிர மற்றதெல்லாம் திரும்பி வந்தது. கம்ப்யூட்டர்காரர் வீட்டில் இன்றுவரை ஆறு மணி வருவதில்லை. குழி வெட்டுகிறவர் எட்டு நாள் தொடர்ந்து தூங்கினார். சலவைக்கூடத்தில் அந்த அம்மாளின் இடத்துக்கு இரண்டே நாளில் வேறு ஆள் போட்டார்கள். அப்போது மட்டும் ஆள் கிடைத்தது. டிரைவர் பஸ்ஸுக்குப் போனார், அவள் வீட்டில் இருந்தாள். முன்பு அவர் இருந்து பார்த்த வீடு. ஐந்து நாற்பதுக்கு வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும். பிறகு எட்டேகால் வரை சுவர்தான். அவளுக்கும் சுவரிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. கண்ணாடியில் அந்தச் சீட்டு காலியாகத் தெரிந்ததால் டிரைவர் கண்ணாடியை மேலே திருப்பி வைத்துவிட்டார். பஸ்ஸில் ஏற முகக் கவசம் கட்டாயம். அதைக் கட்டினால் அந்த அம்மாளால் மூச்சு விட முடியவில்லை. ஒருநாள் படியருகே வந்து நின்றாள். கண்டக்டர் விதிப் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏறச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பரவால்ல, போங்க" என்றாள் அவள். இரண்டு விசில் கொடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை பஸ் மூன்றாவது நிறுத்தத்தைத் தாண்டும்போது, பின்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சமையலறை நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார்ந்து, தலையில் துணி கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு ஆறடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் கட்டவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. டிரைவருக்கு அது கேட்டிருக்க நியாயமில்லை. முப்பதடி இரும்பும் கண்ணாடியும் இன்ஜினும் நடுவே இருந்தன. ஆனாலும் அவர் வழி முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டியதைப் பயணிகள் பார்த்திருக்கிறார்கள்.

அதிலிருந்து தினமும் வருகிறாள். ஒரு செக்கிங் ஆபீசர் வந்து டிக்கெட் இல்லாமல் பயணம் என்று எழுதினார். பயணம் பஸ்ஸில் இல்லை என்று கண்டக்டர் சொன்னதும் எழுதியதை அடித்துவிட்டார். பின்னால் வந்த லாரி ஒன்று ஒருமுறை நாற்காலியை உரசப் பார்த்ததால், டிப்போவில் கூடிப் பேசி, பஸ்ஸின் முதுகில் மஞ்சள் பெயின்டில் எழுதி வைத்தார்கள்: நாற்காலி வருகிறது, இடைவெளி விடவும். வெளியூர்க்காரர்கள் முதல்முறை படித்துவிட்டு என்ன என்று கேட்பார்கள். டிரைவர் வீட்டு அம்மா என்று சொன்னால், சரி என்று கொஞ்சம் ஒதுங்கிப் போவார்கள்.